முன் டிஸ்க் பிரேக்: கேலிப்பர் வேலை முடிந்த பிறகு ஏர் போகவே மாட்டேன் என்கிறது

அரைக்கிளட்ச் (வேளச்சேரி)

எல்லாருக்கும் வணக்கம். மூன்று நாளாக மண்டை காய்ந்து கிடக்கிறேன், யாராவது வழி சொல்லுங்கள்.

வண்டி 2015 மாடல், 150 சிசி. முன்னால் ஒற்றை டிஸ்க், இரண்டு பிஸ்டன் கேலிப்பர் (பேடை டிஸ்க்கில் அழுத்துகிற பகுதி), பின்னால் டிரம். ஏபிஎஸ் கிடையாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது எங்கள் தெருவில் இரண்டு நாள் தண்ணீர் வடியவில்லை, முன் சக்கரம் பாதிக்கு மேல் முழுகிக் கிடந்தது. அப்போது சர்வீஸ் செய்து ஓட்டிவிட்டேன். ஆனால் கொஞ்ச நாளாக வண்டியைத் தள்ளினால் கனமாக இருந்தது, ஓட்டிவிட்டு வந்து டிஸ்க் மேல் தண்ணீர் தெளித்தால் தோசைக்கல் மாதிரி சுர்ரென்றது. பிஸ்டன் பிடித்துக்கொண்டது என்று புரிந்தது.

சனிக்கிழமை நானே கழற்றினேன். லிவரை அமுக்கி அமுக்கி பிஸ்டன் இரண்டையும் வெளியே எடுத்தேன். உள்ளே காபித்தூளைக் குழைத்து அப்பிய மாதிரி ஒரு பசை. ஜி.பி. ரோடில் சீல் கிட், பேட், டாட் 4 பிரேக் ஆயில் கால் லிட்டர் பாட்டில் இரண்டு வாங்கி வந்து, சுத்தம் செய்து, கேலிப்பர் வழுக்கி நகர்கிற பின்களுக்கெல்லாம் (pin) கிரீஸ் வைத்து மாட்டியாகிவிட்டது.

ஏர் எடுப்பதில்தான், அதாவது பிரேக் ஆயிலுக்குள் மாட்டிய காற்றை வெளியேற்றுவதில்தான் மாட்டிக்கொண்டேன். இரண்டு பாட்டிலில் ஒன்றரை காலி. ட்யூபில் குமிழி வருவது நின்று வெகுநேரமாகிவிட்டது. ஆனால் முதல் அமுக்குக்கு லிவர் நேராகப் போய் கைப்பிடியைத் தொடுகிறது. நாலு தடவை அடித்தால் மேலே வந்து நிற்கும். பத்து விநாடி விட்டுவிட்டு அமுக்கினால் பழையபடி கைப்பிடிக்கே போய்விடும். என்ன செய்ய?

நைட்ஷிப்ட்

மெக்கானிக்கிடம் கொடுங்க ப்ரோ. பிரேக்கில் எல்லாம் விளையாட்டு வேண்டாம்.

பழைய ஸ்பேனர் (அம்பத்தூர்)

தம்பி, முதலில் நாலு கேள்வி. எதை வைத்து சுத்தம் செய்தீர்கள்? ஓஸ் (ஆயில் போகிற குழாய்) போல்ட்டுக்குப் புது காப்பர் வாஷர் போட்டீர்களா? எங்கேயாவது கசிகிறதா? லிவரை எவ்வளவு வேகமாக அடித்தீர்கள்?

நீங்கள் பதில் சொல்வதற்குள் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முக்கால்வாசிப் பேர் இதில்தான் தவறுகிறார்கள். காற்று மேலே போகப் பார்க்கும், நாம் அதைக் கீழே தள்ளி, கேலிப்பரில் இருக்கிற நிப்பிள் (காற்றை வெளியே விடுகிற சின்னத் திருகு) வழியாக வெளியேற்றப் பார்க்கிறோம். ஓஸின் உள்வாய் 3 மில்லிமீட்டர் சில்லறைதான். ஒரு தடவை முழுசாக அமுக்கினால் லிவரோடு இருக்கிற மாஸ்டர் சிலிண்டர் தள்ளுவது கிட்டத்தட்ட ஒரு மில்லி. அந்த ஒரு மில்லி ஓஸுக்குள் ஒரு அரைச் சாண் தூரம் நகரும், அவ்வளவுதான். நீங்கள் நிப்பிளை மூடி, லிவரை விட்டு, மறுபடி அமுக்குவதற்குள் குமிழி நகர்ந்த தூரத்தில் பாதியைத் திரும்ப ஏறிவிடும். அதனால் மெக்கானிக் கடையில் பையன்கள் படபடவென்று அடிப்பதைப் பார்த்து நாமும் அடித்தால் ஒரு பெரிய குமிழி நூறு சின்னக் குமிழியாக உடைந்து நுரை ஆகிவிடும். நுரையை வெளியே எடுப்பது இன்னும் கஷ்டம், ஆறவிட வேண்டியதுதான்.

லிவரை முழு நீளத்துக்கு இழுத்ததும் பழைய மாஸ்டருக்கு நல்லதில்லை. தினமும் ஓட்டும்போது பிஸ்டன் பாதி தூரம்தான் போய் வருகிறது. அதற்கு அப்பால் உள்சுவரில் அழுக்கும் துருவும் படிந்திருக்கும். திடீரென்று கடைசிவரை இழுத்தால் உள்ளே இருக்கும் ரப்பர் கப் அதில் உரசிக் கிழியும். லிவருக்கும் கைப்பிடிக்கும் நடுவில் ஒரு மரத்துண்டை வைத்து முக்கால் தூரத்திலேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

அரைக்கிளட்ச்

நன்றி அண்ணா. கசிவு இல்லை, டிஷ்யூ பேப்பர் சுற்றி வைத்துப் பார்த்தேன், ஈரமே இல்லை. காப்பர் வாஷர் கீழே இரண்டும் புதுசு, மேலே மாஸ்டர் பக்கம் கழற்றவே இல்லை. கேலிப்பர் பாடியை பெட்ரோலில் கழுவினேன். பிஸ்டனைப் பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரால் தேய்த்தேன். சீலுக்குப் பிரேக் ஆயில் தடவித்தான் போட்டேன். லிவரை அடித்தது... படபடவென்றுதான்.

பழைய ஸ்பேனர்

பெட்ரோல் வேண்டாம் தம்பி. பிரேக் ரப்பரும் பெட்ரோலியமும் ஜென்மப் பகை. ரப்பர் ஊறிப் பெருத்துவிடும். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், சாதாரண கிரீஸ் எல்லாமே அந்தக் கணக்குதான். சீல் போடுவதற்கு முன்னால் பாடி நன்றாகக் காய்ந்திருந்தால் தப்பித்தீர்கள். அடுத்த தடவை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வாங்குங்கள், இல்லாவிட்டால் பிரேக் ஆயிலாலேயே கழுவுங்கள்.

"பிரேக் ஆயில்" என்று பேர் வைத்ததே பெரிய வினை. அது எண்ணெயே கிடையாது, கிளைக்கால் வகை, தண்ணீரோடு கலக்கும். எங்கள் பக்கம் ஒருவர் ஆயில்தானே என்று மிச்சமிருந்த என்ஜின் ஆயிலை மாஸ்டரில் ஊற்றிவிட்டார். ஒரே வாரம், உள்ளே இருந்த ரப்பரெல்லாம் ஊறிப்போய் ஓடுகிற வண்டியில் முன் சக்கரம் தானாகப் பிடித்துக்கொண்டது. நல்லவேளை, சிக்னலை நெருங்கி வேகம் குறைந்த நேரம். மாஸ்டர், ஓஸ், கேலிப்பர் ரப்பர் என்று மொத்தமும் மாற்ற வேண்டியதாயிற்று.

எண்ணூர் உப்புக்காற்று

இதற்கெல்லாம் இவ்வளவு யோசிக்காதீங்க. பழைய சைக்கிள் ட்யூபில் ஒரு வளையம் வெட்டி, ராத்திரி லிவரை நன்றாக இழுத்து அதில் மாட்டிவிட்டுத் தூங்கப் போங்க. காலையில் லிவர் கல்லு மாதிரி இருக்கும். எனக்கு மூன்று வண்டியில் வேலை செய்திருக்கிறது.

எங்கள் பக்கம் கடற்காற்றுக்கு கேலிப்பர் பின்னும் நிப்பிளும் துருப்பிடிக்காமல் ஒரு வருஷம் தாண்டாது. நிப்பிளுக்கு ரப்பர் மூடி இல்லாவிட்டால் ஒன்று போட்டுவிடுங்க, காசு கம்மிதான். மூடி இல்லாமல் விட்டு அப்புறம் துருவேறிய நிப்பிளை ஸ்பேனர் போட்டு முறுக்கி உடைத்தவன் சொல்கிறேன். 8ஆம் நம்பர் ரிங் ஸ்பேனர்தான் போடணும், ஓப்பன் ஸ்பேனர் போட்டால் முனை மழுங்கிவிடும்.

மழைக்கோட்டு

உப்புக்காற்று, கேட்கிறேன் என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். லிவரை இழுத்துக் கட்டினால் மாஸ்டருக்குள் பிஸ்டன் முன்னே போய், மேலே ஆயில் நிற்கிற ரிசர்வாயருக்குப் போகிற ஓட்டையை அடைத்துவிடுகிறது. கதவை மூடிவிட்டு, காற்று வெளியே போய்விடும் என்றால் எப்படி? எனக்கு இது எப்போதுமே மந்திரம் மாதிரிதான் தெரிகிறது.

எண்ணூர் உப்புக்காற்று

எப்படி என்று எனக்குத் தெரியாது. போகிறது.

பழைய ஸ்பேனர்

இரண்டு பேரும் சரிதான். கட்டியிருக்கும்போது கதவு மூடித்தான் இருக்கும், ஒரு குமிழிகூட ரிசர்வாயருக்குப் போகாது. ஆனால் உள்ளே அழுத்தம் இருப்பதால் குமிழியெல்லாம் சுருங்கிப் பொடியாகிவிடும். ஓஸ் சுவரிலும் பள்ளத்திலும் ஒட்டிக்கொண்டிருந்தவை பிடி விட்டு, ராத்திரி முழுக்க மெதுவாக ஏறி மாஸ்டர் வாசலில் வந்து காத்துக்கொண்டிருக்கும். காலையில் லிவரை விட்டதும் கதவு திறக்கும், உடனே வெளியேறும். அதனால் ரப்பரை அவிழ்க்கிற நேரம்தான் முக்கியம். மாஸ்டர் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, மெதுவாக லிவரை விட்டு, அப்புறம் விரல் நுனியால் 2, 3 மில்லிமீட்டர் மட்டும் தட்டித் தட்டி விடுங்கள். ரிசர்வாயர் அடியில் ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை தெரியும், அதிலிருந்து குமிழி வருவது கண்ணுக்கே தெரியும்.

முக்கியமாக ஹேண்டிலைத் திருப்பி மாஸ்டர் மட்டமாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஓஸ் போல்ட் பக்கம் தூக்கிக்கொண்டிருந்தால் காற்று அங்கேயே குந்திக்கொள்ளும்.

பெரம்பூர் ரயிலடி

நான் எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றுகிற ஆள். காற்று மேலே போகத்தானே ஆசைப்படுகிறது, அதன் போக்கிலேயே விடுவோமே. மருந்துக் கடையில் 50 மில்லி ஊசிக்குழல் கிடைக்கும் (ஊசி வேண்டாம் என்று நான் சொன்னதும் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார், அது வேறு கதை). மீன் தொட்டிக்குப் போடுகிற ஏர் ட்யூப் ஒரு முழம். குழலில் புது ஆயிலை நிரப்பி, காற்றைத் தட்டி வெளியேற்றி, நிப்பிளில் மாட்டி, அரைச் சுற்று திறந்து மெதுவாக அமுக்கினால் மேலே ரிசர்வாயரில் குமிழி குமிழியாக வரும். அதற்கு முன் ரிசர்வாயரில் பாதியை உறிஞ்சி எடுத்துவிடணும், இல்லாவிட்டால் வழிந்து டேங்க் பெயின்ட்டைத் தின்றுவிடும். டேங்க் மேல் ஈரத்துணியும் பக்கத்தில் ஒரு பக்கெட் தண்ணீரும் இல்லாமல் பிரேக் ஆயில் பாட்டிலையே திறக்கக் கூடாது.

உறிஞ்சி எடுக்கிற முறையில் இன்னொரு ஏமாற்று இருக்கிறது. நிப்பிள் மரை வழியாக வெளிக்காற்றே உள்ளே வந்து ட்யூபில் குமிழி குமிழியாகத் தெரியும். விடிய விடிய உறிஞ்சினாலும் நிற்காது. நம் ஆளுக்குக் குமிழி நின்றுவிட்டது என்பதால் அது இல்லை.

அரைக்கிளட்ச்

நேற்று ராத்திரி கட்டி வைத்தேன். காலையில் மூடியைத் திறந்து தட்டினால் ஸ்பேனர் அண்ணா சொன்ன மாதிரியே பொடிப்பொடியாக வந்தது, சோடா மாதிரி. பார்க்கவே சந்தோஷம். லிவர் இப்போது கைப்பிடியைத் தொடவில்லை, அரை அங்குலம் முன்னால் நிற்கிறது. ஆனால் இன்னும் அதே கதை: நாலு அடி அடித்தால் மேலே, கொஞ்சம் விட்டால் கீழே.

வாசலில் சிந்தி அம்மா கோலம் போடுகிற இடம் வழவழவென்று ஆகிவிட்டது. இன்று நான்தான் கழுவிவிட்டேன்.

பழைய ஸ்பேனர்

அப்படியானால் இனிமேல் ஒரு சொட்டு ஆயில்கூட வீணாக்க வேண்டாம். மிச்சம் இருப்பது காற்றா, வேறு ஏதாவதா என்று முதலில் பிரித்துப் பார்ப்போம்.

கேலிப்பரை ஓஸோடு டிஸ்க்கிலிருந்து கழற்றுங்கள், இரண்டே போல்ட்தான். இரண்டு பிஸ்டனையும் கையால் முழுசாக உள்ளே தள்ளுங்கள், மேலே ரிசர்வாயர் ஏறும், வழியாமல் பாருங்கள். பேட் இரண்டுக்கும் நடுவில் கெட்டியான மரத்துண்டை இறுக்கமாகச் செருகுங்கள். தேக்கோ வேம்போ எதுவாக இருந்தாலும் சரி, பிளைவுட் மட்டும் வேண்டாம், நசுங்கும். நிப்பிள் மேலே பார்க்கிற மாதிரி தொங்கவிட்டு லிவரை அமுக்குங்கள்.

மரம் இருக்கும்போது கல்லாக நின்றால் ஆயிலில் காற்று இல்லை, கோளாறு டிஸ்க், பேட், கேலிப்பர் பின்கள் இவற்றில்தான். மரம் இருந்தும் மெத்தென்று போனால் இன்னும் காற்று இருக்கிறது. அமுக்கிப் பிடித்த பிடியிலேயே லிவர் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் மாஸ்டரின் ரப்பர் கப் போச்சு.

மெத்தென்று இருந்தால் மாஸ்டர் பக்க ஓஸ் போல்ட்டைப் பாருங்கள். அதுதான் ஓஸிலேயே உயரமான இடம், கீழே எவ்வளவு எடுத்தாலும் அங்கே ஒரு குமிழி உட்கார்ந்திருக்கும். துணியைச் சுற்றி, லிவரைப் பிடித்துக்கொண்டு, போல்ட்டை ஒரு கால் சுற்றுக்கும் குறைவாகத் தளர்த்தி, உடனே இறுக்கி, அப்புறம்தான் லிவரை விட வேண்டும். வரிசை மாறினால் காற்றை உள்ளே இழுக்கும்.

அரைக்கிளட்ச்

செய்தேன். வீட்டில் பழைய சப்பாத்திக் கட்டையின் உடைந்த கால் ஒன்று கிடந்தது, அதைச் சீவிச் செருகினேன். முதலில் கொஞ்சம் மெத்து. ஓஸ் போல்ட்டைத் தளர்த்தியதும் "ப்ளக்" என்று ஒரே ஒரு சத்தம், துணியில் ஒரு துப்பல். இறுக்கி அமுக்கினால் லிவர் கல்! ஒரு நிமிஷம் பிடித்தேன், இறங்கவில்லை. தெருவில் நின்று கத்தாத குறை.

கேலிப்பரைத் திரும்ப டிஸ்க்கில் மாட்டினேன். லிவர் மறுபடி அரை அங்குலத்துக்குப் போய்விட்டது. அழுகை வருகிறது.

நைட்ஷிப்ட்

நான் முதல் பதிவிலேயே சொன்னேன்.

மழைக்கோட்டு

நைட்ஷிப்ட், கொஞ்சம் பொறுங்கள், இப்போதுதான் சுவாரஸ்யமாகிறது.

அரைக்கிளட்ச், வீட்டில் யாரையாவது லிவரை அமுக்கச் சொல்லிவிட்டு நீங்கள் வண்டிக்கு முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து டிஸ்க்கையும் கேலிப்பரையும் நேராகப் பாருங்கள். உங்கள் கேலிப்பரில் பிஸ்டன் இரண்டும் ஒரே பக்கம்தானே? பிஸ்டன் வெளிப் பேடைத் தள்ளும், எதிர்வினையாக கேலிப்பர் தன் பின்களில் வழுக்கி வந்து உள் பேடைக் கொண்டுவந்து சேர்க்கும். அமுக்கும்போது வழுக்கினால் போதாது, விட்ட பிறகு அதே இடத்தில் நிற்கவும் வேண்டும். விட்டதும் என்ன ஆகிறது என்று பாருங்கள்.

அரைக்கிளட்ச்

தங்கையை உட்கார வைத்துப் பார்த்தேன். நாலு தடவை அமுக்கினால் கேலிப்பர் நகர்ந்து வந்து பேட் இரண்டும் டிஸ்க்கைத் தொடுகிறது. விட்டதும் கேலிப்பர் முழுசாக மெதுவா...க பழைய இடத்துக்கே திரும்பிப் போகிறது. யாரோ உள்ளேயிருந்து தள்ளுகிற மாதிரி. பத்து விநாடியில் பேட் நடுவே நன்றாக இடைவெளி. பின்னுக்கு மாட்டியிருக்கிற ரப்பர் பூட் (உறை) அமுக்கும்போது குட்டி பலூன் மாதிரி உப்புகிறது.

பழைய ஸ்பேனர்

பிடித்துவிட்டீர்கள்! பின்னுக்கு எவ்வளவு கிரீஸ் வைத்தீர்கள்?

அரைக்கிளட்ச்

ஓட்டை நிறைய. துரு பிடிக்கக் கூடாது என்று... வீல் பேரிங்குக்கு வாங்கிய கிரீஸ்.

மழைக்கோட்டு

ஹாஹா. மிச்ச ஏர் இருந்தது உண்மைதான், ஆயிலுக்குள் இல்லை, அந்த ரப்பர் பூட் உறைக்குள்!

பழைய ஸ்பேனர்

சிரிக்காதீர்கள், நானும் செய்திருக்கிறேன். பின் போகிற ஓட்டை ஒரு பக்கம் அடைப்பு. அதில் கிரீஸை நிரப்பிப் பின்னைச் செருகினால் கிரீஸும் காற்றும் போக வழியில்லாமல் உள்ளே மாட்டிக்கொள்ளும். பிரேக் பிடிக்கும்போது பின் உள்ளே போய் அதை அமுக்கும், விட்டதும் அது ஸ்பிரிங் மாதிரி கேலிப்பரைத் திரும்பத் தள்ளிவிடும். பிஸ்டன் சீல் லிவரை விட்டதும் பிஸ்டனை மயிரிழை அளவுதான் பின்னுக்கு இழுக்கும், அதுவே போதும். இங்கே கேலிப்பரே மில்லிமீட்டர் கணக்கில் நகர்கிறது. அதை நிரப்ப லிவருக்கு நாலு அடி வேண்டியிருக்கிறது. மரத்துண்டு வைத்தபோது கேலிப்பர் நகர இடமே இல்லை, அதனால்தான் கல்லாக நின்றது.

அந்த கிரீஸ் முழுவதையும் வழித்து எறியுங்கள். ரப்பர் பூட் ஊறியிருந்தால் புதுசு போடுங்கள். சிலிக்கான் கிரீஸ் வாங்கி, பின் மேல் மெழுகு பூசிய மாதிரி மெல்லிசாகத் தடவினால் போதும். பின்னை உள்ளே தள்ளும்போது பூட்டின் உதட்டில் ஒரு ஈர்க்குச்சியைச் செருகிப் பிடியுங்கள், காற்று பிஸ் என்று வெளியே போகும், அப்புறம் குச்சியை உருவிவிடுங்கள். மேல் பின், கீழ்ப் பின் இரண்டும் ஒரே மாதிரியா என்றும் பாருங்கள். சில வண்டிகளில் ஒன்றுக்கு மட்டும் நுனியில் ரப்பர் இருக்கும், மாற்றிப் போட்டால் சிக்கும்.

எண்ணூர் உப்புக்காற்று

ஈர்க்குச்சி! தலைவா, இருபது வருஷம் ஸ்பேனர் பிடிக்கிறேன், இது எனக்குத் தெரியாது.

அரைக்கிளட்ச்

முடிந்தது. விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சி உருவினேன், "பிஸ்" சத்தம் நிஜமாகவே கேட்டது. லிவர் முதல் அமுக்கிலேயே கைப்பிடிக்கு இரண்டு விரல் முன்னால் நின்றுவிட்டது. அரை மணி நேரம் கழித்து அமுக்கினாலும் அதே இடம். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் தாராளமாகச் சுற்றுகிறது.

இன்று விடியற்காலை 5 மணிக்கு பல்லாவரம் ரேடியல் ரோடில் போய், 50இல் இருந்து 10க்கு மெதுவாக, இருபது தடவை பிடித்துப் பார்த்தேன். முதல் பத்து தடவை புது பேட் கொஞ்சம் வழுக்கிற மாதிரி இருந்தது, அப்புறம் கடித்தது. வீட்டுக்கு வந்து டிஸ்க்கில் தண்ணீர் தெளித்தேன். சுர் இல்லை.

நைட்ஷிப்ட்

சரி, ஒத்துக்கொள்கிறேன். என் வண்டியில் ஏபிஎஸ் இருக்கிறது, 2019க்குப் பிறகு 125 சிசிக்கு மேல் எல்லாவற்றிலும் வந்துவிட்டதே. அதிலும் இப்படியே செய்யலாமா?

மழைக்கோட்டு

ஆயிலை மாற்ற மட்டும் என்றால் இதே முறைதான், ரிசர்வாயர் காலியாகாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று புகுந்துவிட்டால் உள்ளே வால்வுகளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். கம்பெனி மெஷினை மாட்டி வால்வைத் திறந்து மூட வைத்துத்தான் எடுக்க வேண்டிவரும். அந்த இடத்தில் உங்கள் முதல் பதிவு சரி, மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

பெரம்பூர் ரயிலடி

டாட் 4 என்றால் டாட் 4. புதுசு 230 டிகிரிக்குக் கீழே கொதிக்காது, ஈரம் உறிஞ்சிய பிறகு 155தான் உத்தரவாதம். நம்ம ஊர் காற்றில் இருக்கிற ஈரத்துக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. கடையில் டாட் 5.1 கொடுத்தால் ஊற்றலாம், டாட் 5 கொடுத்தால் வேண்டாம், அது சிலிக்கான், சேராது. பேர்தான் ஒன்று போலிருக்கும்.

அரைக்கிளட்ச்

கடைசி சந்தேகம். இரண்டாவது பாட்டிலில் பாதி மிச்சம் இருக்கிறது. இறுக்கி மூடி வைத்தால் அடுத்த தடவைக்கு ஆகுமா? அப்பாவின் ஸ்கூட்டருக்கும் மாற்ற வேண்டும்.

பழைய ஸ்பேனர்

நாலு நாளாகத் திறந்து திறந்து மூடியிருக்கிறீர்கள் தம்பி. அதைத் துருவேறிய போல்ட் ஊறவைக்க வைத்துக்கொள்ளுங்கள். அப்பா வண்டிக்குப் புது பாட்டில்.